பள்ளி முடித்த பிள்ளைகள் எங்கே போகிறார்கள்?

2006 ஏப்ரலில் சிகாகோ நகர அரசுப் பள்ளிகளைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளிவந்தது. ஒன்பதாம் வகுப்பில் சேரும் 100 பிள்ளைகளில், இருபத்தைந்து வயதை ஒட்டி நான்காண்டுப் பட்டம் வாங்குபவர்கள் 6 பேர்தான் என்றது அந்த அறிக்கை. கறுப்பின, லத்தீனோ ஆண் பிள்ளைகளை மட்டும் தனியே எடுத்தால் 3 பேர். ‘சிகாகோ ட்ரிப்யூன்’ அந்த எண்ணைத் தலைப்பிலேயே போட்டது. சிகாகோ பல்கலைக்கழகத்தை ஒட்டி 1990 முதல் இயங்கிவரும் பள்ளி ஆய்வுக் கூட்டமைப்பைச் சேர்ந்த மெலிசா ரோடரிக், ஜென்னி நகாவோகா, எலைன் ஆலன்ஸ்வொர்த் ஆகியோர் அதை எழுதியிருந்தார்கள். சில மாதங்கள் கழித்துத் தரவில் இருந்த குறைகளைச் சரிசெய்து, 6 என்பதை 8 என்று அவர்களே திருத்தி வெளியிட்டார்கள். எட்டு என்றாலும் நிலைமை அதேதான்.

அந்த எண் எவ்வளவு சிறியது என்பதைக் காட்டிலும், அதற்கு முன் அப்படி ஓர் எண்ணே யாரிடமும் இருக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அமெரிக்காவின் மிகப்பெரிய பள்ளி மாவட்டங்களில் ஒன்று, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவைத்தது. வாசலைத் தாண்டியபின் அவர்கள் என்ன ஆனார்கள் என்பது பள்ளிக்குத் தெரியாது. கடைசி ஆண்டு மாணவர்களைக் கூப்பிட்டு ‘அடுத்து என்ன செய்யப் போகிறாய்?’ என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். அது விருப்பத்தின் பதிவு. செப்டம்பரில் அந்தப் பிள்ளை உண்மையில் எந்த வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறது என்பதை அந்தத் தாள் சொல்லாது.

அதைச் சொல்லக்கூடிய பட்டியல் வேறோர் இடத்தில், வேறொரு தேவைக்காக, ஏற்கெனவே உருவாகியிருந்தது. அமெரிக்காவில் கல்விக் கடன் வாங்கியவர் படித்துக்கொண்டிருக்கும் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. அவர் இன்னும் படிக்கிறாரா என்பதைக் கடன் கொடுத்தவர்கள் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு கடன் நிறுவனமும் ஒவ்வொரு கல்லூரிக்கும் கடிதம் எழுதுவது கட்டுப்படியாகாமல் போகவே, 1993இல் இலாப நோக்கற்ற ஒரு பொது அமைப்பு தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் நேஷனல் ஸ்டூடண்ட் கிளியரிங்ஹவுஸ். தலைமையகம் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கிறது. கல்லூரிகள் தங்களிடம் யார் யார் படிக்கிறார்கள் என்ற கோப்பைப் பருவத்துக்குப் பலமுறை அதற்கு அனுப்புகின்றன. நாட்டின் கல்லூரி மாணவர்களில் ஏறத்தாழ 97 சதவீதத்தினர் இப்போது அந்தக் கோப்புகளுக்குள் வந்துவிடுகிறார்கள்.

கடன் வசூலுக்காகப் பிறந்த இந்தப் பட்டியலைப் பள்ளிகளும் பயன்படுத்தலாமே என்று பின்னர் யோசித்தார்கள். பள்ளி தன்னிடம் படித்து முடித்தவர்களின் பெயரையும் பிறந்த தேதியையும் அனுப்பினால், கிளியரிங்ஹவுஸ் தன் கோப்புகளோடு ஒப்பிட்டு விடை அனுப்பும்: எந்தக் கல்லூரி, எந்தத் தேதியில் சேர்ந்தார், முழுநேரமா பகுதிநேரமா, இரண்டாம் ஆண்டுக்குத் திரும்பி வந்தாரா, பட்டம் வாங்கினாரா. பின்னாளில் ஒபாமாவின் கல்விச் செயலராக ஆன ஆர்ன் டங்கன் அப்போது சிகாகோ பள்ளிகளின் தலைமை நிர்வாகி. தன் மாணவர்கள் அத்தனை பேரையும் இப்படிப் பின்தொடர்ந்து பார்க்க முன்வந்த முதல் பெருநகர மாவட்டங்களில் சிகாகோவும் ஒன்று. 2006 அறிக்கை இந்த இணைப்பிலிருந்து பிறந்தது.

கேட்பதற்கு எளிமையாகத் தெரியும் இந்த வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஒரு பெயரைக் கற்பனை செய்துகொள்வோம். பள்ளிப் பதிவேட்டில் ‘மரியா குவாடலூப்பே ஹெர்னாண்டஸ் லோப்பஸ்’. கல்லூரி விண்ணப்பத்தில் ‘மரியா லோப்பஸ்’. உதவித்தொகைப் படிவத்தில் இரண்டு குடும்பப் பெயர்களுக்கும் நடுவே ஓர் இணைப்புக் கோடு. பெரும்பாலான பள்ளிகளிடம் மாணவரின் சமூகப் பாதுகாப்பு எண் இருப்பதில்லை. ஆகவே பெயரும் பிறந்த தேதியும்தான் ஒப்பிடக் கிடைப்பவை. தேதியில் ஓர் இலக்கம் மாறினாலோ, பெயரில் ஒரு துண்டு விடுபட்டாலோ கணினி அவளைக் கண்டுபிடிக்காது. கண்டுபிடிக்காவிட்டால் கோப்பில் அவள் இடம் காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தைப் படிப்பவர் ‘கல்லூரிக்குப் போகவில்லை’ என்று படித்துவிடுவார். அவளோ ஏதோ ஒரு வளாகத்தில் முதல் பருவத் தேர்வு எழுதிக்கொண்டிருப்பாள். முன்னெழுத்தை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா, அப்பா பெயரை விரித்து எழுதுவதா என்று ஆதாருக்கும் பாஸ்போர்ட்டுக்கும் நடுவே அல்லாடிய தமிழர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

1974ஆம் ஆண்டின் கல்வித் தனியுரிமைச் சட்டப்படி, தன் விவரத்தை வெளியே தரக்கூடாது என்று ஒரு மாணவர் கல்லூரிக்கு எழுதிக் கொடுக்கலாம். அப்படிச் செய்தவரும் கணக்கில் மறைந்துபோவார். இலாப நோக்கில் நடக்கும் தனியார் கல்லூரிகள் பல இந்த அமைப்பில் சேராமலே இருந்தன. சூசன் டைனார்ஸ்கி, ஸ்டீவன் ஹெமல்ட், ஜோஷுவா ஹைமன் ஆகிய பொருளியலாளர்கள் 2015இல் இந்தத் தரவின் ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பட்டியலிட்டார்கள். ஓட்டைகள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை என்பதுதான் அவர்கள் ஆய்வின் சாரம்: மாநிலத்துக்கு மாநிலம், கல்லூரி வகைக்கு வகை, இனத்துக்கு இனம் வேறுபடுகிறது. எந்தப் பிள்ளைகளின் நிலையை அறிய இந்தக் கணக்கு மிகவும் வேண்டியிருக்கிறதோ, அவர்களைத்தான் இது அதிகம் தவறவிடக்கூடும். ஆகவே இந்த எண்களை வைத்துப் பள்ளிகளை வரிசைப்படுத்துகிறவர்கள், காலி இடங்கள் எங்கே குவிகின்றன என்பதை முதலில் பார்த்தாக வேண்டும்.

இதையெல்லாம் அரசே நேரடியாகச் செய்திருக்கலாமே என்று கேட்கலாம். அமெரிக்கக் காங்கிரஸ் 2008இல் உயர்கல்விச் சட்டத்தைப் புதுப்பித்தபோது, மாணவர்களைத் தனித்தனியாகப் பின்தொடரும் தேசியத் தரவுத்தளத்தை ஒன்றிய அரசு அமைக்கக்கூடாது என்று அதிலேயே எழுதிவிட்டது. தனியுரிமை பற்றிய அச்சம் ஒரு காரணம். தனியார் கல்லூரிகளின் எதிர்ப்பு இன்னொன்று. அந்த அச்சத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்ஸ் அறக்கட்டளையின் பணத்தோடு பல மாநிலங்களின் பள்ளித் தரவை ஒரே இடத்தில் சேர்க்க வந்த ‘இன்ப்ளூம்’ என்ற அமைப்பு, பெற்றோரின் எதிர்ப்பால் 2014இல் இழுத்து மூடப்பட்டது. தன் பிள்ளையின் விவரம் யார் கைக்குப் போகிறது என்று கேட்கும் தாய்க்கு நேரான பதில் சொல்ல முடியாத எந்தத் திட்டமும் நிலைக்காது, நிலைக்கவும் கூடாது.

மீண்டும் அந்த 6க்கு, திருத்திய 8க்கு வருகிறேன். அதன் பலம் அது எதால் வகுக்கப்பட்டது என்பதில் இருக்கிறது. ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 200 பேர் சேர்ந்து, பன்னிரண்டாம் வகுப்பை 100 பேர் முடித்து, 60 பேர் கல்லூரிக்குப் போனார்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘எங்கள் மாணவர்களில் 60 சதவீதம் கல்லூரிக்குப் போகிறார்கள்’ என்று அந்தப் பள்ளி பதாகை கட்டலாம். ‘எங்களிடம் வந்தவர்களில் 30 சதவீதம்தான் கல்லூரியைப் பார்த்தார்கள்’ என்றும் எழுதலாம். இரண்டும் பொய்யில்லை. முதல் கணக்கில், நடுவே நின்றுபோன நூறு பேர் இருந்த தடமே கிடையாது. பள்ளி அவர்களை எவ்வளவு சீக்கிரம் இழக்கிறதோ அவ்வளவு அழகாக அதன் விகிதம் தெரியும். ரோடரிக்கும் அவர் சகாக்களும் வாசலில் நுழைந்தவர்கள் அத்தனை பேரையும் வகுக்கும் எண்ணில் வைத்தார்கள். புள்ளிவிவரத்தில் அது ஒரு தொழில்நுட்ப முடிவு. அதைவிட, யாரையும் கணக்கிலிருந்து தள்ளிவிடக்கூடாது என்ற அறத்தின் முடிவு என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் இருபத்தைந்து வயதில் வந்து சேரும் எண்ணை வைத்துப் பள்ளி ஆசிரியர் என்ன செய்ய முடியும்? அந்த 92 பேர் ஒரே நாளில், ஒரே இடத்தில் காணாமல் போகவில்லை. வழியில் எந்தெந்த இடத்தில் எத்தனை பேர் கழன்றார்கள் என்று பின்னோக்கித் தேடிப் போனதுதான் சிகாகோ ஆய்வாளர்கள் செய்த பெரிய காரியம்.

தேடல் ஒன்பதாம் வகுப்பில் போய் நின்றது. அங்கே அதுதான் உயர்நிலைப் பள்ளியின் முதல் ஆண்டு. பிள்ளைக்குப் பதினான்கு வயது. கட்டடம் புதிது, ஆசிரியர்கள் புதியவர்கள். ஆலன்ஸ்வொர்த்தும் ஜான் ஈஸ்டனும் 2005இல் ஓர் எளிய அளவுகோலை முன்வைத்தார்கள். முதலாண்டு முடிவில் அடுத்த வகுப்புக்குப் போகப் போதுமான பாடத் தகுதிகளை ஈட்டியிருக்க வேண்டும். முக்கியப் பாடங்களில் ஒரு பருவத் தோல்விக்கு மேல் இருக்கக்கூடாது. இவ்வளவுதான். இந்த அளவுகோலைத் தாண்டிய பிள்ளை நான்கு ஆண்டில் பள்ளியை முடிக்கும் வாய்ப்பு, தாண்டாத பிள்ளையைப் போல மூன்றரை மடங்கு. எட்டாம் வகுப்புத் தேர்வு மதிப்பெண்ணோ, குடும்ப வருமானமோ, இனமோ இவ்வளவு தெளிவாக எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வருகைப் பதிவேட்டைப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது: அந்த முதலாண்டில் பருவத்துக்கு ஒரு வாரம் கூடுதலாக மட்டம் போட்டால்கூடப் பள்ளியை முடிக்கும் வாய்ப்பு 20 சதவீதப் புள்ளிக்கு மேல் விழுகிறது.

இந்த ஆய்வு புத்தக அலமாரியில் தங்கிவிடவில்லை. ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்களின் கைக்குப் பெயர்ப் பட்டியல் போய்ச் சேர்ந்தது. எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடம் ஆட்டம் காண்கிறது, யார் எத்தனை நாள் வரவில்லை என்பது ஆண்டின் நடுவிலேயே தெரிந்தது. கணிதம், ஆங்கிலம், அறிவியல் எடுக்கும் ஆசிரியர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே பிள்ளையைப் பற்றிப் பேசினார்கள். தன் வகுப்பில் மூலையில் தூங்குகிற பையன் பக்கத்து வகுப்பில் நன்றாகப் படிக்கிறான் என்பது ஒருவருக்கு அங்கேதான் தெரியவரும். 2007இல் 57 சதவீதமாக இருந்த ‘தடத்தில் இருப்போர்’ விகிதம் 2013இல் 82 ஆனது. ஆசிரியர்கள் மதிப்பெண்ணை அள்ளிப் போட்டுத் தேர்ச்சி காட்டினார்களோ என்ற சந்தேகம் நியாயமானது. ரோடரிக்கின் குழு 2014இல் அதையும் சோதித்தது. முதலில் முன்னேறிய பள்ளிகளில் முன்பைவிட அதிகம் பேர் பள்ளியை முடித்தார்கள். அத்தனை பேர் கூடியும் கல்லூரிச் சேர்க்கைக்கான ஏசிடி தேர்வின் சராசரி கிட்டத்தட்ட அப்படியே நின்றது. வெறும் கணக்கு வித்தையாக இருந்திருந்தால் சராசரி சரிந்திருக்கும்.

ஆசிரியர் போடும் மதிப்பெண் நம்பத்தகுந்ததா என்ற கேள்விக்கும் பிற்பாடு விடை வந்தது. ஆலன்ஸ்வொர்த்தும் கேல்லி கிளார்க்கும் 55,084 சிகாகோ மாணவர்களைத் தொடர்ந்து பார்த்து 2020இல் வெளியிட்ட ஆய்வு, கல்லூரிப் பட்டத்தை முன்கூட்டிச் சொல்வதில் பள்ளி மதிப்பெண் சராசரி ஏசிடி மதிப்பெண்ணைவிட ஐந்து மடங்கு வலிமையானது என்று கண்டது. நான்கு ஆண்டுகள் நாள்தோறும் வீட்டுப்பாடம் கொடுத்து, கேள்வி கேட்டு, திருத்திப் போட்ட மதிப்பெண்ணில் பிள்ளையின் உழைப்பும் விடாப்பிடியும் சேர்ந்தே பதிவாகின்றன.

இரண்டாவது பெரிய உதிர்வு பள்ளியின் கடைசி ஆண்டில் நடந்தது. 2008இல் வந்த அறிக்கை, 2005இல் பள்ளி முடித்த அணியை எடுத்துக்கொண்டது. நான்காண்டுப் பட்டம் வாங்க வேண்டும் என்று சொன்னவர்களை மட்டும் பார்த்தது. அவர்களில் 100க்கு 72 பேர் அந்த ஆண்டே நான்காண்டுக் கல்லூரியில் சேரத் திட்டமிட்டார்கள். விண்ணப்பித்தவர்கள் 59. இடம் கிடைத்தவர்கள் 51. சேர்ந்தவர்கள் 41. இந்த நான்கு எண்களையும் மெதுவாகப் படிக்க வேண்டும். கல்லூரி நிராகரித்ததால் உதிர்ந்தவர்கள் 8 பேர்தான். அதைவிட அதிகம் பேர் விண்ணப்பமே போடாமல் உதிர்ந்தார்கள். இடம் கிடைத்தபின்பும் 10 பேர் போகவில்லை. ‘தகுதி போதவில்லை’ என்று எல்லாவற்றையும் பிள்ளையின் தலையில் கட்டிவிடும் பழக்கத்துக்கு இந்த எண்கள் இடம் தரவில்லை.

நடுவில் மறித்து நின்றது பெரும்பாலும் ஒரு படிவம். ஒன்றிய அரசின் நிதி உதவிக்கான ‘ஃபாஃப்சா’ விண்ணப்பத்தில் அப்போது நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள். பெற்றோரின் வரிக் கணக்கு விவரம் வேண்டும். வீட்டில் யாரும் கல்லூரிக்குப் போயிராத பிள்ளைக்கு அதை நிரப்ப உதவ ஆள் இல்லை. இடம் கிடைத்தவர்களில் இந்தப் படிவத்தை நிரப்பியவர்களுக்கு, நிரப்பாதவர்களைவிடக் கல்லூரியில் சேரும் வாய்ப்பு பாதிக்கும் மேல் அதிகமாக இருந்தது. அதுவரை பள்ளி ஆலோசகருக்கு மாணவரின் வாய்வார்த்தைதான் ஆதாரம். ‘போட்டாச்சு சார்’ என்பான், பாதியில் விட்டிருப்பான், பெற்றோர் கையெழுத்து இருக்காது. யாருடைய படிவம் முழுமையாகப் போய்ச் சேர்ந்தது, யாருடையது குறையோடு நிற்கிறது என்ற பட்டியல் மாநில நிதி உதவி ஆணையத்திடமிருந்து பள்ளிக்கு வரத் தொடங்கியபின், ஆலோசகர் குறிப்பிட்ட பிள்ளையைக் கூப்பிட்டுக் குறிப்பிட்ட கட்டத்தை நிரப்பவைக்க முடிந்தது. சிகாகோவில் தொடங்கிய இந்தப் பழக்கத்தைப் பின்னர் ஒன்றியக் கல்வித் துறையே மற்ற ஊர்களுக்கும் எடுத்துப்போனது.

அதே அறிக்கை சொன்ன இன்னொன்று அதிகம் பேசப்படவில்லை. தன் மதிப்பெண்ணுக்கு ஏற்ற தரமுள்ள கல்லூரியில் சேர்ந்தவர்கள் மூன்றில் ஒருவர்தான். மற்றவர்கள் பெரும்பாலும் தகுதிக்குக் குறைந்த இடத்தில் சேர்ந்தார்கள், சிலர் எங்குமே சேரவில்லை. பக்கத்துத் தெருப் பையன் எங்கே போனானோ, அங்கேயே இவனும் போனான். இதை மாற்றியது பிள்ளையின் கெட்டிக்காரத்தனம் அல்ல. ஆசிரியர்கள் கல்லூரியைப் பற்றி இயல்பாகப் பேசி, கூடவே இருந்து நடத்திச்சென்ற பள்ளிகளில் எல்லாவிதமான பிள்ளைகளும் அதிகம் விண்ணப்பித்தார்கள், அதிகம் சேர்ந்தார்கள்.

மூன்றாவது உதிர்வு கோடை விடுமுறையில். மே மாதம் பள்ளி முடிகிறது. ஆகஸ்டில் கல்லூரி திறக்கிறது. இடைப்பட்ட வாரங்களில் அந்தப் பிள்ளை யாருடைய பொறுப்பு? பள்ளி ஆலோசகர் விடுமுறையில். கல்லூரிக்கோ அவள் இன்னும் முழு மாணவி ஆகவில்லை. அந்த வாரங்களில்தான் விடுதி முன்பணம் கட்ட வேண்டும், தடுப்பூசிச் சான்று அனுப்ப வேண்டும், தரப்படுத்தும் தேர்வு எழுத வேண்டும், அறிமுக நாளுக்குப் பதிய வேண்டும். முதல் கட்டணப் பட்டியல் வரும். அதில் நூற்றுக்கணக்கான டாலருக்கு மருத்துவக் காப்பீடு சேர்ந்திருக்கும். வீட்டில் வேறு காப்பீடு இருந்தால் ஒரு படிவம் கொடுத்து அதை நீக்கிவிடலாம் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாத குடும்பம் மொத்தத் தொகையைப் பார்த்து மலைத்து, ‘நமக்கு இது ஆகாது’ என்று முடிவு செய்துவிடும். பெஞ்சமின் காஸில்மனும் லிண்ட்ஸே பேஜும் இந்தக் கோடைக்கால உதிர்வை ஆராய்ந்து 2014இல் புத்தகமாக எழுதினார்கள். கல்லூரிக்குப் போகிறேன் என்று உறுதிசெய்த பிள்ளைகளில் ஊருக்கு ஊர் 10 முதல் 40 சதவீதம் வரை இப்படி உதிர்வதாக அவர்கள் கண்டார்கள். ஏழைப் பிள்ளைகளும், இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரிக்குப் போக இருந்தவர்களும்தான் அதிகம்.

இதற்கு அவர்கள் சோதித்த மருந்து குறுஞ்செய்தி. அடுத்து எந்த வேலை, எந்தத் தேதிக்குள், சந்தேகம் இருந்தால் இந்த ஆலோசகரிடம் கேள் என்று கோடை முழுவதும் செய்தி அனுப்பினார்கள். செலவு ஒரு பிள்ளைக்கு ஏழு டாலர் அளவில்தான். சில ஊர்களில் சேர்க்கை கண்ணுக்குத் தெரியும்படி உயர்ந்தது. ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2016இல் தானியங்கி உரையாடல் நிரல் ஒன்றை இதற்கே வைத்தது. சேர்வதாக உறுதிசொன்ன மாணவர்களில் அந்த நிரலின் செய்திகளைப் பெற்றவர்களின் சேர்க்கை 3.3 சதவீதப் புள்ளி கூடியது. உடனே நாடெங்கும் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டால் போதும் என்ற நம்பிக்கை பரவியது. ஆனால் காஸில்மன் உள்ளிட்ட குழுவே எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நிதி உதவி விண்ணப்பத்தை நினைவூட்டிச் சோதித்தபோது பலன் எதுவும் தெரியவில்லை. தங்கள் நம்பிக்கைக்கு எதிரான முடிவை அவர்கள் மறைக்காமல் வெளியிட்டார்கள். இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று புலப்படுகிறது. தெரிந்த பள்ளியோ தெரிந்த கல்லூரியோ, அந்தப் பிள்ளைக்கு நிலுவையில் இருக்கும் வேலையைச் சொல்லி, பதில் கேட்டால் பேச ஆளையும் வைத்திருந்தபோது செய்தி வேலை செய்தது. எங்கிருந்தோ வரும் பொதுவான அறிவுரையைப் பிள்ளைகள் படித்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள்.

சிகாகோவின் அந்த எண் பின்னர் உயர்ந்தது. 2014இல் வந்த கணிப்பு 100க்கு 14 என்றது, 2016இல் 18. இந்த உயர்வில் பெரும்பங்கு, ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகளை இழக்காமல் பார்த்துக்கொண்டதால் வந்தது. நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் பட்டம் வாங்குகிறார்கள் என்ற நிலை மட்டும் அசையவில்லை. பள்ளி தன் பங்கைத் திருத்திக்கொண்டது. கல்லூரிகள் தங்கள் வாசலுக்குள் நடக்கும் இழப்புக்கு அதே அளவு பதில் சொல்லவில்லை. பின்தொடரும் கணக்கு பள்ளியை நோக்கி மட்டுமே விரல் நீட்டினால் பாதி உண்மை தப்பித்துவிடும். 2017இல் மேயர் ராம் இமானுவேல், 2020 முதல் பள்ளி முடிக்கும் ஒவ்வொருவரும் கல்லூரி, வேலை, படை என்று ஏதாவது ஓர் அடுத்த திட்டத்தைச் சான்றோடு காட்டினால்தான் சான்றிதழ் கிடைக்கும் என்ற விதியைக் கொண்டுவந்தார். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆலோசகர் ஒருவர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சுமக்கும் பள்ளியில், அமைப்பு செய்ய வேண்டிய வேலையை அந்த விதி பிள்ளையின் மேல் சுமத்துகிறது.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கதை தூரத்துக் கதை இல்லை. இங்கேயும் பள்ளியையும் கல்லூரியையும் கோத்த நூல் பணத்தைச் சரிபார்க்க வேண்டியிருந்ததால்தான் வந்தது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. புதுமைப்பெண் திட்டம் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த பெண்களுக்கும் அந்த ஆண்டின் இறுதியில் விரிந்தது. இந்தப் பணம் சரியான கைக்குப் போக வேண்டுமென்றால், கல்லூரியில் இருப்பவர் எந்தப் பள்ளியில் படித்தார் என்பது தெரிய வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் எண்ணும் உயர்கல்விக்கான யுமிஸ் தளமும் இணைந்தது இதனால்தான். அமெரிக்காவில் பெயரை வைத்துத் தேடுகிற தொல்லை, ஒரே எண் கூடவே வரும்போது இங்கே பெருமளவு குறைகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தும் எங்கும் சேராதவர்களைக் கூப்பிட்டு, கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ என்று சேர்த்துவிட நடத்தப்படும் ‘உயர்வுக்குப் படி’ முகாம்களுக்கும் இத்தகைய பட்டியல்தான் அடிப்படை.

பொதுவில் நாம் பேசும் எண்கள் மட்டும் இன்னும் பழைய எண்கள்தான். 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47. நாட்டின் சராசரி 28.4. பெருமைப்படத்தக்க எண்தான், பல தலைமுறைகளின் உழைப்பு அதில் இருக்கிறது. ஆனால் அது கல்லூரிகளில் இருப்பவர்களின் எண்ணிக்கையைப் பதினெட்டு முதல் இருபத்துமூன்று வயதுள்ள மக்கள்தொகையால் வகுத்த விகிதம். மலையடிவாரத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியருக்குத் தன் பிள்ளைகளைப் பற்றி அது எதையும் சொல்லாது. மே மாதத்தில் நாம் ஆவலோடு பார்க்கும் மாவட்டத் தேர்ச்சி விகிதமோ, தேர்வு எழுதியவர்களை மட்டும் கணக்கில் வைத்துப் போடப்படுவது. மாநில அளவில் முதலிடம் அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் கைவிட்டது நல்ல முடிவு. தேர்ச்சி விகிதத்தை வைத்து மாவட்டங்களையும் பள்ளிகளையும் அடுக்கும் வழக்கம் தொடர்கிறது. அந்த அடுக்கில் மேலே ஏற, பலவீனமான பிள்ளையைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்காமல் விடுவதும் ஒரு வழியாகிவிடுகிறது.

ஒவ்வொரு தலைமையாசிரியருக்கும் மூன்று பட்டியல்கள் போய்ச் சேர வேண்டும் என்பது என் எண்ணம். ஒன்பதாம் வகுப்பின் நடுவில், வருகை குறையும் பிள்ளைகளின் பெயர்கள். பன்னிரண்டாம் வகுப்பின் நடுவில், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் இன்னும் கையில் இல்லாதவர்களின் பெயர்கள்; தேர்வு முடிவு வந்தபின் இ-சேவை மையத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கும்போது கலந்தாய்வுத் தேதி கடந்துவிடுகிறது. ஆகஸ்டில், போன மே மாதம் முடித்தவர்களில் எங்கும் சேராதவர்களின் பெயர்கள். மூன்றும் பெயர்களாக வர வேண்டும். சதவீதமாக வந்தால் அது மேலதிகாரியின் கூட்டத்துக்குப் போகும், பிள்ளையின் வீட்டுக்குப் போகாது.

இந்தப் பட்டியல்களைத் தயாரிக்கும்போது யாரிடமிருந்து தொடங்குகிறோம் என்ற சிகாகோவின் கேள்வி இங்கேயும் வரும். மே மாதத் தேர்வில் ஒரு பாடத்தில் தவறியவர்கள் துணைத் தேர்வு எழுதுகிறார்கள். அதன் முடிவு வருவதற்குள் அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் முதல் சுற்றுச் சேர்க்கை முடிந்து, விருப்பமான பாடப்பிரிவுகள் பெரும்பாலும் நிரம்பிவிட்டிருக்கும். ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போனவர்கள் அதற்கும் முன்பே விலகிவிட்டவர்கள். இவர்கள் எல்லோருக்கும் எமிஸ் எண் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் நுழைந்தவர்களின் பட்டியலிலிருந்து எண்ணத் தொடங்கினால் இவர்கள் பெயரும் கணக்கில் வரும். தேர்ச்சிப் பட்டியலிலிருந்து தொடங்கினால் வராது.